என் காருக்கு அவள் மூக்கு

தெசான்கா தீக்குச்சியை உரசப் போனாள். உரசவில்லை. குச்சி பெட்டியைத் தொட்டபடி நிற்க, அவள் மூக்கு மட்டும் மெதுவாகத் திரும்பியது. முதலில் வேலிப் பக்கம். பிறகு கோழிக்கூண்டுப் பக்கம். கடைசியில் என் கார் பக்கம்.

"அசையாதே!"

நான் அசையவில்லை. கல்யாணமான நாளிலிருந்து அந்தப் பழக்கம் உண்டு.

"வாயில என்ன?"

"சிகரெட்."

"பத்தவெச்சதா?"

"பத்தவெக்காம வாயில வெச்சுக்க, அது என்ன பல்குச்சியா?"

அடுத்த நொடி என் உதட்டில் சிகரெட் இல்லை. நாய்க்கு வைத்திருந்த தண்ணீரில் அமுக்கிக் கொன்றுவிட்டாள்.

"பெட்ரோல் நாத்தம். உன் கார்லேருந்துதான். இந்தக் குச்சிய உரசியிருந்தா நீ, நான், காரு மூணு பேரும் லெஸ்கோவாட்ஸ் ஊருக்கு மேல பறந்திருப்போம்!"

குச்சியைப் பெட்டிக்குள் திரும்பப் போட்டாள். செப்டம்பரில் எங்கள் ஊரில் ஒவ்வொரு முற்றத்திலும் சிவப்புக் குடைமிளகாய் சுடுவார்கள். தோலுரித்து, அரைத்து, எண்ணெய் விட்டு நாளெல்லாம் கிளறினால் அய்வார். அது ஜாடியில் ஏறாத வீட்டுக்குக் குளிர்காலமும் கிடையாது, மரியாதையும் கிடையாது. எங்கள் தகர அடுப்பு நிற்பது முற்றத்தின் ஒரே கூரைக்கடியில். கார் நிற்பதும் அதே கூரைக்கடியில்தான். மிளகாய் வாங்குமுன் அடுப்பைச் சோதித்துப் பார்க்க வந்தவள் என் காரைச் சோதித்துவிட்டாள்.

எனக்கு ஒரு நாற்றமும் தெரியவில்லை. இத்தனை வருடப் புகையில் என் மூக்கு என்றைக்கோ ராஜினாமா செய்துவிட்டது. இப்போது கண்ணாடியைத் தாங்குவது மட்டும்தான் அதன் உத்தியோகம்.

"மாசக் கடைசி சனிக்கிழமை என் தம்பி பிரானிமிர் லாரியில மிளகாய் கொண்டு வரான்," என்றாள். "அதுக்குள்ள நாத்தம் போகணும். போகலேன்னா மூட்டைய இறக்கிட்டு, திரும்பிப் போகும்போது உன் காரக் கட்டி இழுத்துட்டுப் போவான். நேரா பழைய இரும்புக் கடைக்கு."

"அந்தக் கார்லதான்டி உன்னப் பொண்ணு பார்க்க வந்தேன்!"

"அதையும் சேர்த்துத்தான் சொல்றேன்."

அந்தக் கார் எனக்கு உயிர். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அதன் பானெட்டைத் தடவிக்கொடுத்துவிட்டுத்தான் படுக்கப் போவேன். அன்றே சபதம் செய்தேன்: நாற்றத்தின் மூலத்தைக் கண்டுபிடித்து, அதன் மூக்கை அறுப்பேன்!

மோப்பம் இல்லாதவன் நாற்றத்தைத் தேடுவது எப்படி? மூளை வேண்டும். சமையலறையிலிருந்து மாவை எடுத்து வந்து, காருக்கடியில் படுத்து, குழாய், டேங்க் எல்லாவற்றின் மேலும் தூவினேன். கசிவு இருந்தால் மாவு நனையும் அல்லவா? முக்கால்வாசி மாவு என் முகத்தில் விழுந்தது. மீதி மாவு காட்டிக்கொடுத்தது. பெட்ரோல் ஊற்றும் வாயிலிருந்து டேங்குக்கு இறங்கும் ரப்பர் குழாய் வெடித்திருந்தது. அந்த இடத்தில் மாவு பிசைந்த மாதிரி கெட்டியாகிக் கிடந்தது.

புதுக் குழாய் வாங்கினேன். மாட்டினேன். முறுக்கினேன். மார்பை நிமிர்த்திக்கொண்டு அவளைக் கூப்பிட்டேன்.

தெசான்கா கார்க் கதவைத் திறந்து தலையை உள்ளே விட்டாள். கண்ணை மூடினாள். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"இன்னும் இருக்கு."

"எங்க?"

"லேசா. பின் சீட் பக்கம்."

மறுநாள் பின் சீட்டைக் கழற்றினேன். அடியில் போன கிறிஸ்துமஸின் வால்நட் ஓடுகள் கிடந்தன. பெட்ரோல் இல்லை. கழுவினேன்.

"இப்ப?"

"முன் பக்கம் வருது."

கார்புரேட்டரைக் கழற்றினேன். புது வளையம் போட்டேன். டேங்கின் ஒட்டுகளில், எங்கள் ஊர் வழக்கப்படி, சலவை சோப்பைத் தேய்த்து அடைத்தேன். மிதியடிகளை வெயிலில் காயவைத்தேன். ஒரு நாள் புத்தி கெட்டு, ஒரு புட்டி பிளம் ராக்கியா சாராயத்தை சீட் முழுவதும் தெளித்தேன். ஒரு வாசனையை இன்னொரு வாசனை மறைக்காதா?

"இப்ப எப்படி இருக்கு?"

"குடிச்சுட்டு வந்த பெட்ரோல் மாதிரி இருக்கு," என்றாள்.

இதற்கிடையில் சிகரெட்டுக்குத் தடை. "பெட்ரோல்ல ஊறின மனுஷன் நீ. சட்டையில பெட்ரோல், தலைமுடியில பெட்ரோல். எங்க பத்தவெச்சாலும் நீதான் தீப்பந்தம்." வீம்புக்குக் குளித்துவிட்டு, வேறு சட்டை போட்டுக்கொண்டு, தெருமுனை மதுக்கடைக்கு ஓடினேன். ஒரு சிகரெட்டை எடுத்து உதட்டில் வைத்ததுதான் தாமதம், பக்கத்து வீட்டு மியோத்ராக் தன் சிகரெட்டை அவசரமாக அணைத்துவிட்டு நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தான்.

"யோவ் விதோமிர்! பத்தவெக்காதேய்யா! பெட்ரோல் பங்க் நடந்து வர்ற மாதிரி இருக்கு!"

"குளிச்சுட்டுத்தான்யா வரேன்!"

"எதுல? பெட்ரோல்லயா?"

கடையே எழுந்து சுவரோரம் ஒதுங்கியது. கடைக்காரர் ஒரு வாளி மணலோடு என் பின்னால் வந்து நின்றார். நான் சிகரெட்டைப் பெட்டிக்குள் திரும்ப வைத்தேன். மனைவி பொய் சொல்லலாம். ஊரே பொய் சொல்லுமா?

அதற்குப் பிறகு நான் பட்ட பாடு இருக்கிறதே! கை எதையாவது தேடியது. பென்சிலைக் கடித்தேன். ஸ்பானரைக் கூடக் கடித்தேன். நாயைப் பார்த்து நானே குரைத்தேன். கெட்ட கனவுகளில் என் கார் பிரானிமிரின் லாரிக்குப் பின்னால் அழுதுகொண்டே போயிற்று. காலையில் எழுந்து மறுபடியும் ஒரு குழாய், மறுபடியும் ஒரு வளையம், மறுபடியும் அவள் மூக்கு, மறுபடியும் "லேசா".

சனிக்கிழமை வந்துவிட்டது. லாரி சத்தம் கேட்டது.

பிரானிமிர் மூட்டைகளை இறக்கினான். பிறகு லாரியிலிருந்து ஒரு கயிற்றை எடுத்தான். கை மொத்தக் கயிறு. என் காரின் முன்னால் வந்து நின்றான்.

நான் காருக்குள் பாய்ந்து கதவைப் பூட்டிக்கொண்டேன்.

"இறங்குங்க அத்தான்!"

"மாட்டேன்! இழுத்தா என்னையும் சேர்த்து இழு! ரெண்டு பேருமே பழைய இரும்புதான்!"

"அக்கா, இவர் இறங்க மாட்டேங்கறார்!"

"இருக்கட்டும்," என்றாள் தெசான்கா அமைதியாக.

நான் ஸ்டியரிங்கைக் கட்டிக்கொண்டு அழுதேன். ஆம், அழுதேன். தேம்பித் தேம்பி மூச்சை உள்ளே இழுத்தேன். மூக்கில் ஏதோ இடித்தது. மறுபடி இழுத்தேன். சோப்பு வாசனை! சலவை சோப்பு! ராக்கியா! ஜன்னல் இடுக்கு வழியாக மூட்டையிலிருந்து மிளகாயின் பச்சைக் காம்பு வாசனை! அதற்கும் மேலாக, பிரானிமிரின் அக்குள்! கார் முழுவதும் மோந்தேன். சீட்டின் மேல் ஏறி மோந்தேன், கீழே குனிந்து மோந்தேன். எல்லாம் இருந்தது. பெட்ரோல் மட்டும் இல்லை!

கதவை உதைத்துத் திறந்தேன்.

"நாத்தம் இல்ல! எனக்கே தெரியுது! பொட்டு நாத்தம் இல்ல!"

"அது இல்லாம மூணு வாரம் ஆச்சு," என்றாள் தெசான்கா. "முதல் குழாய் மாத்தினியே, அன்னைக்கே போயிடுச்சு."

"அப்ப இந்தக் கயிறு?"

பிரானிமிர் நெளிந்தான். "அக்கா சும்மா பிடிச்சுட்டு நிக்கச் சொன்னா, அத்தான்."

வேலிக்கு அந்தப் பக்கம் மியோத்ராக்கின் தலை தெரிந்தது. வாயில் சிகரெட் புகைந்தது.

"டேய்! நீ என்னை விட அதிகமா ஊதறவன். உனக்கு ஏதுடா மூக்கு?"

"மூக்கு இல்லய்யா. மூணு ஜாடி அய்வார். கடைக்காரருக்கு ரெண்டு."

தெசான்கா என் பக்கத்தில் வந்தாள். "குளிர்காலம் பூரா நீ இருமி இருமி நீலமாப் போனத நான் விடிய விடிய பார்த்துட்டுக் கிடந்தேன். சொன்னா கேட்டியா? இந்தக் காருக்காகத்தான் நீ எதையும் விடுவேன்னு எனக்குத் தெரியும்."

கண் கலங்கியது. ஆனாலும் ஆண்பிள்ளை ரோஷம் என்று ஒன்று இருக்கிறதே. விறுவிறுவென்று வேலிக்குப் போய், மியோத்ராக்கின் வாயிலிருந்த சிகரெட்டைப் பிடுங்கி, அத்தனை பேர் முன்னிலையில் ஓர் இழுப்பு இழுத்தேன்.

"சீ! கருமம்! எரிஞ்ச கம்பளி மாதிரி நாறுது! எப்படிய்யா இத வாயில வெக்கற?"

யாரும் சிரிக்கவில்லை. அதுதான் அதிகமாக வலித்தது. தெசான்கா தீக்குச்சியை உரசினாள். அடுப்பு பற்றியது. என் கையில் ஒரு நீளக் கரண்டியைக் கொடுத்தாள்.

"அடிப்பிடிக்கிறதுக்கு முன்னாடியே மோந்து சொல்ற ஆம்பள இந்தத் தெருவுல நீ ஒருத்தன்தான்."

இரண்டு நாள் கிளறினேன். இப்போது எங்கள் வாசலில் பக்கத்து வீட்டுப் பெண்கள் வரிசையில் நிற்கிறார்கள். என் மூக்கை யாருக்கு எந்த நாளில் அனுப்புவது என்று தெசான்காதான் முடிவு செய்கிறாள்.