பூட்டுக்காரரின் வெந்நீர் வைத்தியம்

எந்தக் காரணம் கொண்டும் இந்த விஷயம் டீச்சருக்குத் தெரியக் கூடாது என்று, படுக்கையில் படுத்தபடியே பூட்டுக்காரர் ஒரு முடிவு எடுத்தார். முடிவை எடுக்க முடிந்தது. போர்வையைத்தான் எடுக்க முடியவில்லை. விரல் பத்தும் விறைத்துக் கிடந்தன.

டீச்சர் என்பது அவருடைய மனைவி. பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர். ஊரே டீச்சர் என்று கூப்பிடுவதால் அவரும் அப்படியே கூப்பிட்டுப் பழகிவிட்டார். தலைவலி, வயிற்றுவலி, சுளுக்கு, தூரத்துத் தாத்தாவின் மரணம் என்று பிள்ளைகள் மைதானத்தைச் சுற்றாமல் தப்பிக்கச் சொல்லும் சாக்குகளை எல்லாம் பல வருஷமாகக் கேட்டுக் கேட்டுக் காது காய்த்துப் போனவர். முகத்தை ஒரு பார்வை பார்ப்பார். "ம், ஓடு" என்பார். அவ்வளவுதான், செத்துப்போன தாத்தாவும் பிழைத்துக்கொள்வார்.

அப்படிப்பட்டவரிடம் மறைக்க வேண்டிய விஷயம் இதுதான். கொஞ்ச நாளாகவே காலையில் எழுந்தால் பூட்டுக்காரரின் இரண்டு கை விரல் முட்டிகளும் வீங்கி, சிவந்து, சூடாக இருந்தன. விரல்களை மடக்க முடியாது. கடை திறந்து நேரம் போகப் போகத்தான் கொஞ்சம் கொஞ்சமாக வழிக்கு வரும். அதனால் சாவியைத் தொலைத்துவிட்டு வாசலில் நின்று விடிகாலையில் போன் செய்கிறவர்களிடம், "பத்து மணிக்கு மேலதாங்க பூட்டோட மனசு இளகும்" என்று சொல்லிச் சமாளித்து வந்தார். இது துரு என்பது அவர் கட்சி. இத்தனை வருஷம் இரும்போடு புழங்கிய கைக்குத் துருப்பிடிப்பதில் என்ன ஆச்சரியம்? ஆகவே எண்ணெய் போட்டார். வலி எண்ணெய், தலைக்கு வைக்கும் எண்ணெய், ஒருநாள் அவசரத்துக்குத் தையல் மெஷின் எண்ணெய். விரல்கள் பளபளவென்று ஆயின. மடங்கத்தான் இல்லை.

டாக்டரிடம் போகலாமே என்றால், போகாததற்கு இரண்டு காரணங்கள். சின்னக் காரணம், ஊசி. எந்தப் பூட்டுக்கும் அஞ்சாதவர், ஊசியைக் கண்டால் கட்டிலுக்கு அடியில் போய்விடுவார். பெரிய காரணம், அவருடைய அண்ணன். அவரும் பூட்டுக்காரர்தான். அவருக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. கடையில் வலி மாத்திரை வாங்கி விழுங்கியே காலத்தை ஓட்டினார். கடைசியில் விரல்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்து, இன்று சாவி என்ன, டம்ளரைக்கூட இரண்டு கையாலும் அணைத்துத்தான் தூக்குகிறார். நமக்கும் அதே கதிதான், அதை ஒரு டாக்டர் வாயால் வேறு கேட்க வேண்டுமா என்று பூட்டுக்காரர் உள்ளுக்குள் நடுங்கினார்.

"ஏங்க, மோதிரம் எங்க?" என்று ஒருநாள் டீச்சர் கேட்டார்.

"கடையில கிரீஸ் வேலை. கழட்டி வெச்சிருக்கேன்."

"சட்டை?"

"போட்டிருக்கேனே."

"அது டி-ஷர்ட்டு. பட்டன் வெச்ச சட்டையைக் கொஞ்ச நாளா கண்ணுலயே காணோமேன்னு கேட்டேன்."

"வெயில் தாங்கல."

"வெளியில மழை பெய்யுதுங்க."

"மழைக்கு முன்னாடி அடிச்ச வெயிலைச் சொன்னேன்."

டீச்சர் முகத்தை ஒரு பார்வை பார்த்தார். "ம்" என்றார். "ஓடு" என்று சொல்லவில்லை. பூட்டுக்காரர் அதைத் தன் வெற்றி என்று எடுத்துக்கொண்டார்.

இரண்டொரு நாள் கழித்து, விடிந்தும் விடியாத நேரத்தில், அதிர்ஷ்டம் அவர் வீட்டுச் சமையலறையில் வந்து உட்கார்ந்தது. தண்ணீர் குடிக்கப் போனவர், தன் டம்ளர் ஒரு பெரிய பாத்திரத்துக்குள், சோப்பு நுரைக்கு அடியில் கிடப்பதைப் பார்த்தார். எடுக்கக் கையை விட்டார். தண்ணீர் இதமான சூட்டில் இருந்தது. ஆகா! விரல்கள் ஒவ்வொன்றாகச் சோம்பல் முறிப்பதை அவர் நன்றாக உணர்ந்தார். டம்ளரை மறந்துவிட்டு அப்படியே கண்ணை மூடி நின்றார். கொஞ்ச நேரத்தில் கை முக்கால்வாசி மடங்கியது.

"என்னங்க பண்றீங்க?" பின்னால் டீச்சர்.

கை நுரைக்குள் இருக்கிறது. ஆள் கையும் களவுமாக நிற்கிறார். ஆனால் பூட்டுக்காரருக்கு மூளை மின்னல்.

"பாத்திரம் கழுவறேன்."

"நீங்களா?"

"நீயும் வேலைக்குப் போற மனுஷி. எத்தனை நாளைக்குத்தான் நீயே கஷ்டப்படுவே? இனிமே தினமும் காலையில பாத்திரம் என் பொறுப்பு. வெந்நீர் மட்டும் இருந்தாப் போதும். அழுக்கு நல்லாப் போகும் பாரு."

டீச்சர் புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டார். மகிழ்ச்சியில் அழுகிறாள் என்று பூட்டுக்காரர் நினைத்தார்.

அன்றிலிருந்து திட்டம் தங்கமாக நடந்தது. தினமும் டீச்சர் வெந்நீர் வைப்பார். பூட்டுக்காரர் பாத்திரத்தோடு சேர்த்து விரல்களையும் ஊறவைப்பார். முதலில் நாலு டம்ளர். பிறகு குக்கர். பிறகு பரணில் கிடந்த அண்டாவே இறங்கி வந்தது. "கொஞ்சம் தூசியா இருக்குங்க" என்றார் டீச்சர். சூடு கிடைக்கிறதே என்று அவர் அண்டாவையும் தேய்த்தார்.

சமையலறை ஜன்னல் வழியாக இதை ஊரே பார்த்தது. ஒருநாள் எதிர் மாடி வீட்டு எலக்ட்ரீஷியன் கையில் பாத்திரம் தேய்க்கிற நாரோடு கடைக்கே வந்துவிட்டார்.

"அண்ணே, உங்களுக்கு நான் என்ன துரோகம் பண்ணேன்?"

"ஏன் தம்பி?"

"என் வீட்டுக்காரி ஜன்னல்கிட்ட என்னைக் கூட்டிட்டுப் போய் நிக்க வெச்சு, 'அதோ பாருங்க, அவரும் ஆம்பளைதானே'ன்னு கேட்டா. கேட்டுட்டு இதைக் கையில குடுத்துட்டா."

"மனைவிக்கு ஒத்தாசை பண்றது நல்லதுதானே?"

"அதெல்லாம் இருக்கட்டும். உண்மையைச் சொல்லுங்க. என்ன தப்புப் பண்ணி மாட்டினீங்க?"

பூட்டுக்காரர் பெருந்தன்மையாகச் சிரித்து வைத்தார். இந்தக் காலத்தில் மனைவியை ஏமாற்றவும் எவ்வளவு உழைக்க வேண்டியிருக்கிறது!

ஆனால் வெந்நீர் விறைப்பைத்தான் தளர்த்தியது. வீக்கம் போகவில்லை. மணிக்கட்டும் இப்போது கூடச் சேர்ந்துகொண்டது.

அப்புறம் அந்தக் காலை வந்தது. வழக்கம்போல் விறைத்த கைகளோடு சமையலறைக்குப் போனார். கதவு சாத்தியிருந்தது. நாதாங்கியில் ஒரு பித்தளைப் பூட்டு தொங்கியது. அவர் கடைப் பூட்டு. அந்தக் கடையிலேயே உசத்தியான பூட்டு.

"டீச்சர்! இது என்ன?"

"எலித் தொல்லைன்னு ராத்திரி பூட்டினேங்க. இப்ப சாவியைக் காணோம்."

"எலிக்கு யாராவது பூட்டுப் போடுவாங்களா?"

"போட்டாச்சே. நீங்கதான் இருக்கீங்களே, ஒரு நிமிஷத்துல திறந்துடுவீங்கன்னு நானும் தேடல."

பூட்டுக்காரருக்கு வியர்த்தது. பூட்டைத் திறக்க விரல் வேண்டும். விரலுக்கு வெந்நீர் வேண்டும். வெந்நீர் பூட்டுக்கு உள்ளே இருக்கிறது. குளியலறை ஹீட்டர் கெட்டுப்போய்ப் பல மாதம் ஆகிறது. நானே சரி செய்கிறேன், வெளியாள் எதற்கு என்று சொன்னவரும் அவர்தான்.

"மாத்துச் சாவி கடையில இருக்கு. பத்து மணிக்கு மேல எடுத்துட்டு வரேன்."

"எனக்கு இப்ப டீ வேணும்."

வேறு வழியில்லை. வளைந்த கம்பியை எடுத்து வந்து பூட்டுக்குள் விட்டார். கம்பி கீழே விழுந்தது.

"கம்பி சரியில்ல."

"நீங்க செஞ்ச கம்பிதானே?"

"பூட்டு துருப்பிடிச்சிருக்கு."

"பித்தளைங்க. அதுவும் போன வாரம் உங்க கடையில வந்து இறங்கினது."

மறுபடி விட்டார். மறுபடி விழுந்தது. குனிந்து எடுக்கப் பார்த்தார். தரையில் கிடந்த கம்பியைச் சுற்றி விரல்கள் தடவினவே தவிர, கிள்ளி எடுக்க முடியவில்லை. டீச்சர் பக்கத்தில் உட்கார்ந்து கம்பியை எடுத்து ஓரமாக வைத்தார். பிறகு அவர் கையைப் பிடித்து, வீங்கிய முட்டிகள்மேல் தன் உள்ளங்கையை வைத்தார்.

"துருப்பிடிச்ச இரும்பு இப்படிக் கொதிக்குமாங்க?"

பூட்டுக்காரருக்குச் சாக்கு தீர்ந்துபோனது. "பயமா இருக்கு டீச்சர். அண்ணன் கை மாதிரி ஆயிடுமோன்னு."

"எனக்கு மட்டும் பயம் இல்லையா? ராத்திரி தூக்கத்துல நீங்க முனகறதைக் கேட்டுட்டு நான் எப்படித் தூங்கறது?" டீச்சரின் குரல் ஒரு நிமிஷம் கம்மியது. அடுத்த நிமிஷமே சரியாகிவிட்டது. "எழுந்திருங்க. மூட்டு டாக்டர்கிட்ட இன்னிக்குத்தான் நேரம் கிடைச்சிருக்கு. வாசல்ல வண்டி நிக்குது."

"டீ?"

"உள்ள இருக்கு. திறந்தா குடிக்கலாம்."

டாக்டர் அம்மா அவருடைய விரல் முட்டிகளை ஒவ்வொன்றாக அழுத்தினார். பூட்டுக்காரர் ஒவ்வொன்றுக்கும் ஒரு சுருதியில் கத்தினார். காலையில் எவ்வளவு நேரம் விறைப்பு, இரண்டு கையிலுமா, வீட்டில் வேறு யாருக்காவது உண்டா என்று எல்லாம் விசாரித்துவிட்டு, கையை ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்.

"துருதானே டாக்டர்?"

"துருவும் இல்ல, தேய்மானமும் இல்ல. இது அழற்சி. நோய்க் கிருமி வந்தா விரட்டறதுக்குன்னு உடம்புல காவல் படை இருக்கு. அது ஆளை அடையாளம் தெரியாம, உங்க மூட்டுக்குள்ள இருக்கிற சவ்வையே திருடன்னு நெனச்சு அடிக்குது. அதுதான் வீக்கம், சிவப்பு, சூடு. அப்படியே விட்டா மெள்ள மெள்ள எலும்பையும் அரிச்சிடும்."

"எண்ணெய் போட்டேனே?"

"எங்க?"

"மேல."

"தீ உள்ள எரியுதுங்க."

"எங்க அண்ணன் மாத்திரை சாப்பிட்டாரே டாக்டர், அப்பவும்..."

"வலி மாத்திரை கூச்சலை அடக்கும். எலும்பைக் காப்பாத்தாது. காவல் படையை அடக்கற மருந்து வேற. அதைக் காலத்தோட ஆரம்பிச்சா பெரும்பாலும் விரல் கோணாமப் பாத்துக்கலாம். நீங்க இப்பவாவது வந்தீங்களே." அப்புறம் அந்த வார்த்தையைச் சொன்னார். "மாத்திரை வேலை செய்யச் சில வாரம் ஆகும். அதுவரைக்கும் தாக்குப்பிடிக்க இன்னிக்கு ஒரு ஊசி."

பூட்டுக்காரர் கட்டிலுக்கு அடியில் இடம் இருக்கிறதா என்று பார்த்தார். இல்லை. கண்ணை இறுக மூடி, டீச்சர் கையைப் பிடித்துக்கொண்டு, தெரு முனை வரை கேட்கிற மாதிரி ஒரு கத்துக் கத்தினார்.

"போட்டாச்சு" என்றார் நர்ஸ்.

"எப்போ?"

"நீங்க கத்தறதுக்கு முன்னாடியே."

கண்ணைத் திறந்தபோது எதிரே டீச்சரின் கழுத்து தெரிந்தது. விசில் கயிற்றில், விசிலோடு சேர்ந்து ஒரு சின்னப் பித்தளைச் சாவியும் தொங்கிக்கொண்டிருந்தது.

மருந்து மெள்ள மெள்ளத்தான் வேலை செய்தது. ஆனால் செய்தது. ஒரு காலையில் விழித்ததும் பூட்டுக்காரர் சும்மா மடக்கிப் பார்த்தார். முழு முஷ்டியும் மடங்கியது! மடக்கினார், விரித்தார், மடக்கினார். பச்சைக் குழந்தை மாதிரி தன் கையைத் தானே பார்த்துச் சிரித்தார். பட்டன் வைத்த சட்டையை எடுத்து மேலிருந்து கீழ்வரை தானே போட்டுக்கொண்டார். மோதிரமும் ஏறியது.

அன்று டாக்டரிடம் மறுபடி காட்டப் போனபோது, மார்பை நிமிர்த்திக்கொண்டு, "மருந்து ஒரு பக்கம் இருக்கட்டும் டாக்டர். அதுக்கு முன்னாடி நானா ஒரு வைத்தியம் கண்டுபிடிச்சேன். வெந்நீர்!" என்றார்.

டாக்டர் டீச்சரைப் பார்த்தார். டீச்சர் சுவரைப் பார்த்தார்.

"இவங்க ஸ்கூல் பிள்ளைங்களோட மூட்டுக் காயத்தைக் காட்ட என்கிட்ட வர்றப்பவே உங்களைப் பத்தி சொல்லிட்டாங்க. உங்களைப் பார்க்க நேரம் கிடைக்கிற வரைக்கும் காலையில இதமான வெந்நீர்ல கையை வெச்சு அசைக்கச் சொன்னதே நான்தான். 'சொன்னா வைக்க மாட்டார் டாக்டர், நான் வைக்க வைக்கிறேன்'னாங்க."

"அந்த டம்ளர்?" என்றார் பூட்டுக்காரர் ஈனசுரத்தில்.

"நான்தான் போட்டேன்" என்றார் டீச்சர். "பாத்திரம் கழுவறேன்னு சொன்னீங்க பாருங்க, அது மட்டும் நீங்களா சொன்னது."

அன்று இரவு பூட்டுக்காரர் புதிதாக ஒரு முடிவு எடுத்தார். கை குணமாகிவிட்டது, குட்டு உடைந்துவிட்டது, இனி எதற்கு வெந்நீர், எதற்குப் பாத்திரம்? நாளை முதல் ஒரு கரண்டியைக்கூடத் தொடுவதில்லை.

காலையில் எழுந்து டீ குடிக்கப் போனார். சமையலறைக் கதவில் அதே பித்தளைப் பூட்டு.

"சாவி தொலைஞ்சு போச்சுங்க" என்றார் டீச்சர், கழுத்துக் கயிற்றைப் புடவைக்குள் தள்ளிக்கொண்டே.

"எனக்கு எதுக்குச் சாவி?" பூட்டுக்காரர் கம்பியை எடுத்தார். உள்ளே விட்டார். ஒரு திருகு, ஒரு தட்டு. 'டக்'கென்று பூட்டு வாயைப் பிளந்தது. பழைய கை! பழைய வேகம்! மீசையை முறுக்கிக்கொண்டு கதவைத் தள்ளினார். உள்ளே நேற்றைய பாத்திரங்கள் அனைத்தும், அண்டா உட்பட, அவருக்காகக் காத்திருந்தன.

"அடடா, விரல் சுத்தமா குணமாயிடுச்சே!" என்று டீச்சர் கைதட்டினார். "அப்ப இனிமே பச்சைத் தண்ணியே போதும்."