ஏழு மணி வசனம்

எட்டாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தின் நாற்பத்திரண்டாம் பக்கத்தில், 'நீர் நூறு டிகிரியில் கொதிக்கும்' என்ற வரிக்கு நேராக, ஓரத்தில் சிவப்பு மையில் 'உங்க அக்கா வந்தாலே போதும், தானா கொதிக்கும்' என்று எழுதியிருந்தது. பதிப்பக மேலாளர் அதைப் போனில் நிறுத்தி நிதானமாக வாசித்துக் காட்டினார்.

"இது உங்க கையெழுத்துதானே சார்?"

"கையெழுத்து என்னோடதுதான். வார்த்தைதான் என்னோடது இல்ல."

"பின்ன யாரோடது?"

பக்கத்து வீட்டு அம்மாவுடையது என்று எப்படிச் சொல்வது?

"நான் பார்த்ததால ஆச்சு. அப்படியே அச்சாகியிருந்தா புள்ளைங்க பரீட்சையில இதையும் எழுதி வச்சிருக்கும். இன்னொரு தடவை இப்படி நடந்தா மிச்சப் புத்தகத்தை வேற ஆள்கிட்ட கொடுத்துடுவேன் சார். தப்பா எடுத்துக்காதீங்க."

இருபத்திரண்டு வருடங்களாக மெய்ப்புத் திருத்துகிறவர் அவர். லிஃப்டுக்குள் 'தண்ணீர வரும் நேரம்' என்று அறிவிப்பு ஒட்டினால், மறுநாள் காலை ர-வின் தலையில் சிவப்புப் புள்ளி உட்கார்ந்திருக்கும். அதனால் குடியிருப்பில் அவருக்குப் புள்ளி சார் என்று பெயர். மற்றவர் பிழையைப் பார்த்தே பிழைத்தவரிடம் முதல்முறையாக ஒருவர் பிழை கண்டுபிடித்துவிட்டார்.

காரணம் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தது. ஆறு வாரங்களுக்கு முன் அங்கே ஒரு தம்பதி குடிவந்திருந்தார்கள். கணவருக்கு மூக்குக்கண்ணாடிக் கடை. கடையில் அவர் பேசுவது அவருக்கே கேட்காது. மனைவி நீச்சல் கற்றுத்தருகிறவர். குளத்தின் இந்தக் கரையில் நின்று அந்தக் கரையில் இருக்கும் ஐம்பது பிள்ளைகளை அதட்டிப் பழகிய தொண்டை. தினமும் மாலை சரியாக ஏழு மணிக்கு இருவரும் ஆரம்பிப்பார்கள். எட்டு மணி வரை ஒரு சொல் சிந்தாமல் சிதறாமல் புள்ளி சாரின் மேஜைக்கு வந்து சேரும்.

"போய்ச் சொல்லிட்டு வாங்க" என்றாள் புள்ளி சாரின் மனைவி. இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் அவளுக்கு வேலை. "ஊசி குத்தறதுன்னா டக்குன்னு குத்திடணும். தடவிக்கிட்டே இருந்தா எதிர்ல இருக்கறவங்களுக்குத்தான் பயம்."

"என்னன்னு சொல்றது? நீங்க சண்டை போடறது கேக்குதுன்னா?"

"சத்தம் கேக்குதுன்னு சொல்லுங்க. வார்த்தை கேக்கலன்னு சொல்லுங்க."

புள்ளி சார் போனார். கண்ணாடிக்கடைக்காரர் கதவைத் திறந்தார். முகம் சிவந்திருந்தது. புள்ளி சாரைப் பார்த்ததும் அதிலேயே ஒரு புன்னகையைப் பொருத்திக்கொண்டு, "வாங்க சார், என்ன வேணும்?" என்றார்.

"ஒரு... ஸ்க்ரூடிரைவர் இருக்குமா?"

ஸ்க்ரூடிரைவரோடு திரும்பி வந்தவரை மனைவி ஏற இறங்கப் பார்த்தாள். "இதை வச்சு என்ன பண்ணப் போறீங்க? அவங்க வாயைக் கழட்டப் போறீங்களா?"

மறுநாள் அதைத் திருப்பிக் கொடுக்கும் சாக்கில் மறுபடி போனார். "இந்தக் கட்டடத்துல சுவரெல்லாம் ரொம்ப மெல்லிசு சார்" என்று சாடையாக ஆரம்பித்தார்.

"ஆமா சார்" என்றார் கண்ணாடிக்கடைக்காரர் அக்கறையாக. "பார்த்து ஆணி அடிங்க."

மூன்றாவது நாள் மனைவியே அவரைக் கதவு வரை தள்ளிக்கொண்டு போய் மணியையும் அழுத்திவிட்டு உள்ளே ஓடிவிட்டாள். இம்முறை திறந்தது நீச்சல் டீச்சர்.

புள்ளி சார் கண்ணை மூடிக்கொண்டார். "தினமும் ஏழு மணிக்கு உங்க வீட்ல பேச்சுச் சத்தம் கேக்குது. எனக்கு வேலை ஓட மாட்டேங்குது. வார்த்தை எதுவும் கேக்கல. அக்கா விஷயமும் கேக்கல, நாத்தனார் கல்யாணத்துக்கு வாங்கின சேலை விஷயமும் கேக்கல."

டீச்சர் கண் இமைக்கவில்லை.

"அடடா, கேக்குதா? நாடகம் சார். ரேடியோவுக்கு எழுதறோம். அதான் தினமும் ஒத்திகை. இல்லைங்க?" என்று உள்ளே திரும்பினார்.

"ஆங்... ஆமா, ஒத்திகை" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

புள்ளி சாருக்கு மனதிலிருந்து ஒரு பாறாங்கல் இறங்கியது. பத்து முறை மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்து மனைவியிடம் சொன்னார். அவளுக்கும் ஒரே ஆறுதல். இரண்டு வாரமாக லிஃப்டில் கண்ணாடிக்கடைக்காரரைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தாள். மறுநாள் அவரைப் பார்த்து, "அந்த மாமியார் விஷயத்துல நீங்க கத்தறது அப்படியே நிஜம் மாதிரி இருக்கு" என்று வாயாரப் பாராட்டினாள். அவர் இரண்டாவது மாடியிலேயே இறங்கிப் படியேறிப் போனார்.

ஆனால் வேலை முன்னைவிட மோசமாகக் கெட்டது. சண்டை என்று நினைத்திருந்த வரையில் புள்ளி சார் காதைப் பொத்திக்கொள்ள முயன்றார். நாடகம் என்று தெரிந்த பின் கேட்காமல் இருக்க முடியவில்லை. கேட்டால் பிழை தெரிந்தது. பிழை தெரிந்தால் கை நமைத்தது.

அதற்குப் பிறகு நான்காம் நாள் ஏழு இருபதுக்குக் கதவைத் தட்டினார். கையில் சிவப்புப் பேனா.

"தப்பா நினைக்காதீங்க. 'உன்னைக் கட்டிக்கிட்டு என்ன சுகத்தைக் கண்டேன்'ங்கற வசனம் மூணு நாளா தொடர்ந்து வருது. கேக்கறவங்களுக்கு அலுத்துடும். அப்புறம், மனைவி பாத்திரம் பிரமாதம். கணவன் பக்கம்தான் சப்புன்னு இருக்கு. பதிலே சொல்லத் தெரியல அவனுக்கு."

"பாத்தீங்களா?" என்றார் டீச்சர் கணவரிடம். "வெளி ஆளுக்கே தெரியுது."

"அவ பேச விட்டாத்தானே சார் நான் பதில் சொல்றதுக்கு!" என்றார் கண்ணாடிக்கடைக்காரர், கண் கலங்க.

"இந்த உணர்ச்சி! இதைத்தான் நான் எதிர்பார்த்தேன்" என்ற புள்ளி சார், ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "நான் இருக்கறதையே மறந்துட்டு நடத்துங்க."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஓர் ஆள் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தால் சண்டை எப்படி வரும்? டீச்சர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "நீங்க... உங்க அக்கா..." என்று இழுத்தார். கண்ணாடிக்கடைக்காரர், "எங்க அக்காவுக்கு என்ன?" என்றார். கடையில் பேசும் குரல்தான் வந்தது. சட்டென்று டீச்சர் களுக்கென்று சிரித்துவிட்டார். கணவருக்கும் அடக்க முடியவில்லை.

"இந்த இடத்துல சிரிப்பு வராதே" என்றார் புள்ளி சார் கண்டிப்பாக. "எழுதினதைக் கொடுங்க, நான் பார்த்துத் தரேன்."

எழுதினது இன்னும் ஒழுங்கு பண்ணவில்லை என்று ஒரு வாரம் தள்ளிப் பார்த்தார்கள். புள்ளி சார் விடவில்லை. காலையும் மாலையும் மணியடித்து, "ஆச்சா?" என்றார். கடைசியில் இருபது பக்கம் ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தார்கள். அவர் அதில் நூற்றுப் பதினெட்டுப் பிழை கண்டுபிடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

அதிலிருந்து ஏழு மணிச் சத்தம் ஆறு மணிக்கே ஆரம்பித்து ஒன்பது வரை போனது.

"நான் எப்போ அப்படிச் சொன்னேன்? அதை வெட்டு!"

"வார்த்தைக்கு வார்த்தை சொன்னீங்க. தேதியோட சொல்லட்டுமா?"

"சரி, சொன்னேன். அதுக்கு முன்னாடி நீ சொன்னதையும் எழுது."

"...அதை எழுதினா என்னை யாருக்குமே பிடிக்காது."

"அதான் சொல்றேன், எழுது!"

அப்புறம் சிரிப்பு. சண்டையைவிடச் சிரிப்புதான் சுவரை அதிகமாகத் துளைத்தது. புள்ளி சார் மெய்ப்புக் கட்டைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்குக் குடிபெயர்ந்தார்.

"நீங்க போய் நாற்காலி போட்டு உட்காராம இருந்திருந்தா எட்டு மணிக்காவது முடிஞ்சிருக்கும்" என்றாள் மனைவி.

நாடகம் நாற்பது பக்கத்தைத் தாண்டிய ஒரு நாள் டீச்சர் அவரைக் கூப்பிட்டார். முகத்தில் வழக்கமான வேகம் இல்லை.

"சார், முடிவுதான் வரல. அவ பெட்டியை எடுத்துக்கிட்டுப் போயிடற மாதிரி வச்சிருக்கேன். சரியா இருக்குமா?"

கண்ணாடிக்கடைக்காரர் ஜன்னல் பக்கம் திரும்பி நின்று, சுத்தமாக இருந்த கண்ணாடி ஒன்றைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

புள்ளி சார் யோசித்தார். "இலக்கணப்படி தப்பில்ல. ஆனா அவ போயிட்டா மறுநாள் ஏழு மணிக்கு அவன் யார்கிட்ட பேசுவான்? இவ்வளவு பேசறவங்க, பேச்சு முடிஞ்சு போன மாதிரி எனக்குத் தெரியல. பக்கம் முப்பதுல அவ ஒரு கேள்வி கேட்டிருக்கா. அதுக்கு அவன் இன்னும் பதிலே சொல்லல. அதை விட்டுட்டு எப்படி முடிக்கிறது? அது பிழை."

டீச்சர் முப்பதாம் பக்கத்தைப் புரட்டினார். புள்ளி சார் தானாகவே கதவைச் சாத்திக்கொண்டு வந்தார்.

அன்று ஏழு மணிக்குச் சத்தமே இல்லை. அந்த அமைதியிலும் அவருக்கு வேலை ஓடவில்லை. சுவரில் காதை வைத்துப் பார்த்தார்.

இதற்குள் மேல் வீட்டுக்காரர், கீழ் வீட்டுக்காரர் எல்லாரும் குடியிருப்புச் சங்கச் செயலாளரிடம் புகார் கொடுத்துவிட்டார்கள். செயலாளர் புள்ளி சாரிடம் வந்தார். "சுவர் ஒட்டி இருக்கறவர் நீங்க. நீங்களும் ஒரு கையெழுத்துப் போட்டீங்கன்னா நோட்டீஸ் அனுப்பிடலாம்."

"அது சத்தம் இல்ல சார், நாடகம்!" என்று பொங்கிவிட்டார் புள்ளி சார். "நானே திருத்திக் கொடுத்தது!"

செயலாளரின் கண்கள் விரிந்தன. சங்கத்தின் ஆண்டுக்கூட்டத்துக்கு நிகழ்ச்சி எதுவும் கிடைக்காமல் அலைந்துகொண்டிருந்தவர் அவர். "அப்ப மேடையிலயே போட்டுடலாமே! மாமியார் வேஷம் நான் கட்டறேன்."

தம்பதி மறுத்தார்கள், மன்றாடினார்கள். செயலாளர் அறிவிப்பே ஒட்டிவிட்டார். அதில் 'நாடகம' என்று இருந்ததைப் புள்ளி சார்தான் சரிசெய்தார். ஒத்திகைக்குப் பெரிய கூடம் வேண்டும் என்றார் செயலாளர். அந்த மாடியில் பெரிய கூடம் புள்ளி சாருடையது. அவ்வளவுதான். இரண்டு வாரம் செயலாளர் அவருடைய சோபாவில் உட்கார்ந்து மாமியாராக மூக்கைச் சிந்தினார். கீழ் வீட்டுக்காரர் இடி இடிப்பதற்காகத் தகரம் கொண்டுவந்தார். அறிவியல் புத்தகத்தின் கடைசி நான்கு பாடங்களைப் புள்ளி சார் குளியலறையில், கவிழ்த்த வாளியின் மேல் உட்கார்ந்து திருத்தினார். நனைந்த பக்கங்களை மனைவி இஸ்திரி போட்டுக் கொடுத்தாள்.

மேலாளர் போன் செய்தார். "ஒரு பிழைகூட இல்ல சார். எங்க உட்கார்ந்து பார்த்தீங்க?"

"அமைதியான இடம்" என்றார் புள்ளி சார்.

ஆண்டுக்கூட்டத்தன்று மண்டபம் நிறைந்திருந்தது. டீச்சருக்கு மைக் தேவைப்படவில்லை. கண்ணாடிக்கடைக்காரர் முதல் காட்சியில் தடுமாறினாலும் அப்புறம் பிடித்துக்கொண்டார். அக்கா காட்சியில் ஜனங்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். முப்பதாம் பக்கத்துக் கேள்வி வந்தது. "நான் இந்த வீட்ல இல்லாத நாள்ல நீங்க என்னைத் தேடினதுண்டா?" என்று டீச்சர் கேட்டார். புள்ளி சார் திருத்திய பிரதியில் அதற்கு நான்கு வரி பதில் இருந்தது. கண்ணாடிக்கடைக்காரர் அந்த நான்கு வரியையும் விட்டுவிட்டு, "உண்டு" என்று மட்டும் சொன்னார், கடையில் பேசும் குரலில். மண்டபத்தில் எல்லாருக்கும் அது கேட்டது.

"வசனத்தை முழுங்கிட்டாரே!" என்று புள்ளி சார் பதறினார். மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே, "சும்மா இருங்க" என்றாள்.

அவருக்கு மறுபக்கம் முன்பின் தெரியாத ஒரு பெண்மணி, மடியில் தோல் பையோடு உட்கார்ந்திருந்தார். நாடகம் முழுக்க, மேடையில் வசனம் வருவதற்கு ஒரு நொடி முன்பே அவர் உதடு அசைந்ததைப் புள்ளி சார் கவனித்திருந்தார். கைதட்டல் ஓய்ந்ததும் மெதுவாகக் கேட்டார்.

"ஏற்கெனவே படிச்சிருக்கீங்க போல. திருத்தினது நான்தான்."

"முதல்ல எழுதினது நான்தான் சார்" என்றார் அந்த அம்மாள். "நான் அந்தம்மாவோட வக்கீல். விவாகரத்து மனு இது, அவங்க சொல்லச் சொல்ல வார்த்தைக்கு வார்த்தை எழுதினது. கையெழுத்துப் போட்டு அனுப்புங்கம்மான்னு ரெண்டு மாசமா கேட்டுக்கிட்டு இருக்கேன். நேத்துதான் போன்ல சொன்னாங்க, 'பின்பக்கமெல்லாம் நாடகம் எழுதிட்டோம் மேடம், இனிமே அது வேண்டாம்'னு."