தட்டு எண்ணும் நல்லையா

அயலார் வீட்டுத் தலைகளை எண்ணுவதற்கென்றே பிறந்த ஓர் இனம் உண்டு. அரசாங்கம் சம்பளம் கொடுப்பதில்லை. எண்ணச் சொன்னதும் இல்லை. ஆனாலும் வேலை ஒருநாள் தவறாது.

எஹலியகொடைப் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில், தொழிலாளர் வரிசைவீடான லயத்தின் ஐந்தாம் காம்பராவில் இருக்கும் நல்லையாவைப் பாருங்கள். அரிசி கிடைக்காத எழுபத்து நாலாம் ஆண்டு. ஆளுக்கொரு கூப்பன் புத்தகம், புத்தகத்துக்கு இவ்வளவு அரிசி. இல்லாத ஆளுக்கு யாராவது அரிசி வாங்கி அரசாங்கத்தை ஏமாற்றிவிடுவார்களோ என்பதுதான் அவருடைய ஓயாத கவலை. ஆகவே கூப்பன் கடையில் யார் கையில் எத்தனை புத்தகம், தண்ணீர்ப் பீலியடியில் எந்தப் பெண் எத்தனை தட்டுக் கழுவுகிறாள், கொடியில் ஆண்கள் கட்டும் சாரம் எத்தனை காய்கிறது என்று பார்த்து, பன்னிரண்டு காம்பராவையும் கொப்பியில் நாள்வாரியாக எழுதிவைப்பார். ஒரு கதவையும் விடமாட்டார். விட்டால் அது என்ன கணக்கு?

ஒன்பதாம் காம்பரா மருதாயி வீட்டில் புத்தகம் நாலு, தட்டு மூன்று! நல்லையா அன்றே உணவு இலாகாவுக்குப் பெயர் போடாமல் ஒரு பெட்டிசம் எழுதினார்.

விசாரிக்க வந்தவர் அஸீஸ் என்ற உத்தியோகத்தர். மருதாயி நாலு புத்தகத்தையும் எடுத்துக் காட்டினாள். அந்த ஒரு புத்தகம் போனால் பிள்ளைகளுக்குப் பாதி நாள் வெறும் தேத்தண்ணிதான்.

"எம் புருசன் இரத்தினபுரியில மாணிக்கக் குழியில வேல செய்றாருங்கய்யா. பௌர்ணமி லீவுல, போயாவுக்குப் போயா வந்திருவாரு."

"அதுக்குச் சாட்சி?"

"சாட்சி எங்கிட்ட இருக்குங்க!" என்று கூட்டத்தை இடித்துக்கொண்டு கொப்பியோடு வந்தார் நல்லையா. பெட்டிசம் யார் எழுதியது என்று லயத்துக்கே தெரிந்துபோயிற்று.

அஸீஸ் புரட்டினார். "போன போயாவுக்கு ஒன்பதாம் காம்பராவுல தட்டு நாலு, கொடியில சாரம் ஒண்ணு. அதுக்கு முந்தின போயாவும் அப்படித்தான். இதவிட என்ன சாட்சி வேணும்? புத்தகத்தப் பத்திரமா வச்சுக்கங்கம்மா."

நல்லையாவின் முகம் சுண்டிப்போயிற்று. அஸீஸ் இன்னும் புரட்டிக்கொண்டிருந்தார்.

"அஞ்சாம் காம்பரா யாருடையது? தட்டு மூணு, புத்தகம் நாலு. 'அண்ணன் சித்திரையில் இந்தியாவுக்குக் கப்பலேறினார்'னு எழுதியிருக்கே?"

"அது... நம்ம வீடுங்க. கணக்குன்னா சுத்தமா இருக்கணும்னு..."

"சுத்தமாத்தான் இருக்கு. புத்தகத்த எடுத்துட்டு வாங்க."

நல்லையாவின் மனைவி ஜெயம்மா, கப்பலேறிய அந்த அண்ணனின் புத்தகத்தைக் கொண்டுவந்து கொடுத்தாள். கொடுத்துவிட்டுப் புருஷனைப் பார்த்த பார்வை மட்டும் கொப்பியில் ஏறவில்லை.

சிரிக்கிறீர்களா? தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் மருதாயி வீட்டில் மற்றவர்கள் யார் யார் என்று நடுவில் ஒருதரம் விரல் மடக்கினீர்களே, அது எதற்கு?