என் சாவுக்கு நான் சொன்ன 'வாங்க'

பிள்ளை எழுத ஆரம்பித்தால் வீட்டில் முதல் பலி பெற்றவர்கள்தான். இதை யாராவது முன்பே சொல்லியிருந்தால், அபிக்குச் செல்போன் வாங்கிக் கொடுக்கும்போது நான் கொஞ்சம் யோசித்திருப்பேன்.

அபி எங்கள் ஒரே மகள். பாளையங்கோட்டையில் கல்லூரி இரண்டாம் ஆண்டு படிக்கும்போது திடீரென்று எழுத்தாளர் ஆகிவிட்டாள். எழுதுவதையெல்லாம் முகநூலில் போடுவாள். முதலில் நகைச்சுவை எழுதினாள், நான் வைக்கும் சொதியைப் பற்றி. (தேங்காய்ப்பால் குழம்பில் சிரிக்க என்ன இருக்கிறது?) படித்ததும் எனக்கு அழுகை வந்தது. அடுத்து 'என் அனுபவங்கள்' என்று ஒன்று. அதில் அவள் இமயமலை அடிவாரத்தில் தனியாக உட்கார்ந்து வாழ்க்கையைப் பற்றி யோசிக்கிறாள். இதுவரை அவள் ஏறியதிலேயே உயரமான இடம் பாபநாசத்துப் படிக்கட்டு. கேட்டதற்கு, "உணர்வு உண்மைம்மா" என்றாள். நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். விடை தப்பு, வழி சரி என்றால் பாதி மார்க் போடலாம். இதற்கு என்ன போடுவது?

மூன்றாவதாக ஒரு சிறுகதை எழுதினாள். அதை என்னிடம் காட்டவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் வாசலில் ஒரு ஆட்டோ வந்து நின்றது. என் கணவரின் தங்கை கோமதி இறங்கினாள். அம்பாசமுத்திரத்தில் இருக்கிறாள். கோயில் கொடை விழாவில் வெட்டிய கிடாவின் தலைக்கறி யாருக்கு என்று வந்த சண்டையில், ஒரு வருஷமாக எங்களோடு பேச்சு கிடையாது. கூடவே அவள் மகனும், சொந்தக்காரப் பெண்கள் இரண்டு பேரும். பேப்பர் படித்துக்கொண்டிருந்த என் கணவரின் கையைப் பிடித்துக்கொண்டு கோமதி அழுதாள்.

"அண்ணே! எனக்கு ஒரு வார்த்தை சொல்லணும்னு ஒனக்குத் தோணலையா? அவ்வளவு வேண்டாதவளா போயிட்டேனா?"

பழைய சண்டையைத்தான் சொல்கிறாள் என்று நினைத்து இவருக்கும் கண் கலங்கிவிட்டது. "விடு கோமதி. முடிஞ்சு போனதப் பேசி என்ன ஆவப்போவுது?" என்றார்.

அவ்வளவுதான். கூட வந்த பெண்களும் சேர்ந்து குரலெடுத்தார்கள்.

நான் அடுப்படியில் தேங்காய்ப்பால் பிழிந்துகொண்டிருந்தேன். யாரோ தவறிவிட்டார்கள் என்று ஈரக்கையோடு ஓடிவந்தவள், கதவருகில் அப்படியே நின்றேன்.

"எங்க டீச்சர் மதினி! அவியள ஒரு குத்தம் சொல்ல முடியுமா? அந்தக் கைப்பக்குவம் இனி யாருக்கு வரும்!"

கல்யாணமாகி வந்த நாள் முதல், உப்பு போதவில்லை என்பதைத் தவிர கோமதி என் சமையலைப் பற்றி எதுவும் சொன்னதில்லை. எதற்கு அழுகிறாள் என்று ஒன்றும் புரியவில்லை. ஆனால் உடனே வெளியே போகவும் மனம் வரவில்லை. (இன்னும் கொஞ்சம் கேட்கலாமே!) என் பொறுமையைப் புகழ்ந்தாள். என் படிப்பைப் புகழ்ந்தாள். கடைசியில், மூக்கைச் சிந்திக்கொண்டு, "மதினியோட அந்த அரக்குப் பட்டுச்சேலைய யாருக்குண்ணே குடுத்த?" என்றாள்.

அதற்கு மேல் என்னால் நிற்க முடியவில்லை. வெளியே வந்து, "வா கோமதி, எல்லாரும் உள்ள வாங்க" என்றேன்.

எங்கள் பக்கம் துட்டி கேட்பது, அதாவது சாவு விசாரிப்பது, போனில் நடக்கிற காரியம் இல்லை. நேரில்தான் வரவேண்டும். வந்தவர்களை யாரும் 'வாங்க' என்று சொல்லக் கூடாது. அப்படி முறை தவறாமல் வந்தவர்களை, செத்துப்போனவளே கையில் தேங்காய்ப்பால் சொட்டச் சொட்ட வரவேற்றால்? ஒரு பெண் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஆட்டோக்காரர் கூலி வாங்காமல் வண்டியைக் கிளப்பினார்.

கோமதி என் கையைத் தொட்டுப் பார்த்தாள். "மதினி, உசுரோடயா இருக்கிய?"

அந்தக் குரலில் இருந்தது சந்தோஷமா ஏமாற்றமா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

அவள் மகன் போனை நீட்டினான். அபியின் கதை. 'அம்மாவின் பதினாறு நேற்று முடிந்தது' என்று ஆரம்பித்தது. எங்கள் வாசல் முருங்கைமரம் அதில் இருந்தது. என் சாக்பீஸ் வாசனை இருந்தது. கடைசி வரியும் இருந்தது: 'அம்மா சிரிக்கிற முகத்தை நினைத்துப் பார்த்தேன். ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை.'

அந்த நேரம் பார்த்து அபி தலையில் துண்டோடு குளியலறையிலிருந்து வந்தாள்.

"ஏட்டி, பெத்தவள உசுரோட கொன்னுட்டு, தலைக்கு வேற குளிச்சிட்டு வாறியா?"

"ஐயோ அத்தே, அது கதை!"

"கதைன்னா 'ஒரு ஊர்ல ஒரு ராசா'ன்னுலா ஆரம்பிக்கணும்! 'நான்'னு போட்டிருக்கியே!" என்ற கோமதி, என் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினாள். "ஆனா நல்லா எழுதுதா மதினி. வழி முழுக்க அழுதுட்டே வந்தேன்."

என் கணவருக்குக் கோபம் அப்போதுதான் வந்தது. "இப்பமே அத அழி. இனிமே ஒரு எழுத்து எழுதக் கூடாது."

அபி என்னைப் பார்த்தாள். நான் சொதியைக் கவனிக்க அடுப்படிக்குப் போனேன்.

எல்லோரும் சொதி சாப்பிட்டார்கள். (உப்பு போதவில்லையாம்.) அவர்கள் போனபின் அபியைத் தனியாகக் கூப்பிட்டேன்.

"அதுல எது கற்பன, எது நெசம்?"

துண்டின் நுனியை முறுக்கிக்கொண்டே நின்றவள், "நீ செத்தது மட்டும்தாம்மா கற்பன" என்றாள்.

அழிக்காதே என்று சொன்னேன். எழுதுவதையும் நிறுத்தாதே என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. அவளைத் திட்டுவதற்குத்தான் கூப்பிட்டிருந்தேன். அன்று மாலை கண்ணாடி முன்னால் நின்று கொஞ்ச நேரம் சிரித்துப் பார்த்தேன். என் கணவர் எட்டிப் பார்த்துவிட்டு, டாக்டரிடம் போகலாமா என்று கேட்டார்.

கோமதி மறுபடி பேச ஆரம்பித்துவிட்டாள். இப்போது எந்தக் கல்யாண வீட்டிலாவது நான் பல்லைக் காட்டினால் போதும், பந்தியின் அந்தக் கோடியிலிருந்து கத்துவாள்: "ஏட்டி அபி, ஓடியா! உங்கம்மா சிரிக்கா!"

பந்தியே சிரிக்கும். அபி மட்டும் சிரிக்காமல், போனை எடுத்து ஒரு படம் பிடித்துக்கொள்வாள்.