ஓட்டு மேல் போன பல்

"பல்லா? சாணியில உருட்டி உங்க வூட்டு ஓட்டு மேல வீசிட்டேன் பானு. வாசல்ல கெடந்துச்சு. நீ வேலையில மறந்துருவேன்னு நானே செஞ்சிட்டேன்" என்றாள் பக்கத்து வீட்டு ராமக்காள், பெரிய புண்ணியம் கட்டிக்கொண்ட முகத்தோடு.

பானுமதி தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"அக்கா, மேகலைக்கு இன்னும் பல்லு விழுற வயசே வரலக்கா! அது டாக்டரம்மா மாட்டுன மூடி!"

மகள் மேகலைக்கு நாலு வயது. மேல்வரிசை முன்பல் நான்கும் சொத்தையாகி, கறுத்து, கரைந்து, கட்டையாகிப் போயிருந்தன. யாராவது போனைத் தூக்கிப் படம் எடுத்தால் வாயைக் கையால் பொத்திக்கொள்வாள். மூன்று மாதத்துக்கு முன்பு தருமபுரி பல் டாக்டரம்மா சொத்தையைச் சுரண்டி எடுத்துவிட்டு, நான்கு பல்லுக்கும் வெள்ளை மூடி மாட்டிவிட்டார். அன்றிலிருந்து குழந்தையை மூடிய வாயோடு பார்க்கவே முடியவில்லை.

மாமனார் கோவிந்தனுக்குத்தான் அது பொறுக்கவில்லை. "விழப்போற பல்லுக்கு மூடி எதுக்கு? என்னைப் பாரு, இந்த வாய்க்குள்ள எந்த டாக்டரும் கை வெச்சதில்ல" என்று இண்டூர் சந்தை வரைக்கும் போய் முன்பல்லைக் காட்டிவிட்டு வருவார். "ராத்திரியில பால்புட்டியை வாயில வெச்சுத் தூங்க வெச்சா சொத்தை ஆவாம என்ன ஆவும்?" என்பது பானுமதிக்கென்று தனியாக வைத்திருக்கும் வசனம். அவள் புட்டியை நிறுத்தி, வீட்டுக்குள் மிட்டாய்க் காகிதமே வரக்கூடாது என்று சட்டம் போட்ட பிறகும் வசனம் நிற்கவில்லை. ஆனாலும் தக்காளிப் பறிப்பு நாட்களில், "டாக்டரம்மா ஏமாத்திரப் போறாங்க" என்று பேத்தியை பஸ்ஸில் கூட்டிப்போய் வந்தவர் அவர்தான்.

இன்று காலை மேகலை வாயைப் பொத்திக்கொண்டே வேனில் ஏறியது பானுமதிக்கு இப்போதுதான் உறைத்தது. பெற்ற பிள்ளை மறுபடியும் சிரிக்கப் பயப்படுவதைப் பார்க்க அவளால் முடியாது.

டாக்டரம்மாவுக்கு போன் போட்டாள். "மூடி உடையாம இருந்தா கழுவி எடுத்துட்டு வாங்க, இன்னைக்கே ஒட்டிரலாம்" என்றார் அவர்.

கணவன் பூவரசன் ஏணி போட்டு ஏறினான்.

"எந்தப் பக்கம் போட்டீங்கக்கா?"

"கெழக்கால... இல்லல்ல, மேக்கால பாரு."

மேற்கே திரும்பியதுதான் தாமதம், ஓடு மடார் என்றது. சமையலறையில் ரசத்துக்கு நேர் மேலே பூவரசனின் ஒரு கால் தொங்கியது.

"ஏங்க, அடி பட்டிருச்சா?"

"கால் சுடுது பானு, அடுப்பை நிறுத்து!"

இதற்கும் ராமக்காளிடம் யோசனை இருந்தது. "மோட்டாரைப் போட்டு ஓஸ் பைப்பால அடிங்க. சாணி கரைஞ்சா பல்லு தானா எறங்கிரும்."

அடித்தார்கள். சாணித் தண்ணீர் வழிந்து, கொடியில் காய்ந்துகொண்டிருந்த வெள்ளைச் சீருடையைப் பச்சையாக்கியது. அதன் பின்னாலேயே வெள்ளையாக ஒன்று உருண்டு வந்து வாசலில் விழுந்தது. பானுமதி குனிவதற்குள் செவலைக் கோழி ஓடி வந்து அதைக் கொத்தி விழுங்கிவிட்டது.

இத்தனை கூத்துக்கும் நடுவில் கோவிந்தன் கயிற்றுக் கட்டிலில் துண்டால் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். காலையிலிருந்து ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் ஏசினால்கூடத் தாங்கிக்கொள்ளலாம், இந்த மௌனம் பானுமதியைப் பதற வைத்தது.

"மாமா, நீங்களாச்சும் ரெண்டு வார்த்தை திட்டிருங்க!"

"ம்ம்" என்று துண்டை மூக்கு வரை ஏற்றிக்கொண்டார்.

பூவரசன் வாசலை மூன்று சுற்று சுற்றிக் கோழியைப் பிடித்தான். "வேற வழியில்ல. கத்தியை எடு பானு."

கோழி கோவிந்தனின் செல்லம். அவர் கட்டிலிலிருந்து துள்ளி எழுந்து, ஒரு கையால் துண்டைப் பிடித்தபடி மறுகையை வேண்டாம், வேண்டாம் என்று ஆட்டினார்.

பானுமதிக்குக் கோபம் வந்தது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் மாமனாரிடம் முதல் முறையாகக் குரலை உயர்த்தினாள். "கோழி மேல இருக்கற பாசம் பேத்தி மேல இல்லீங்களா மாமா? நான் புட்டி குடுத்துக் கெடுத்தேன், சரி. இப்ப அது பல்லைக் காப்பாத்தக்கூட வுடமாட்டீங்களா?"

கோவிந்தனின் கண் கலங்கியது. கோழிக்காகத்தான் என்று பானுமதி நினைத்துக்கொண்டாள்.

வாசலில் வேன் ஹாரன் அடித்தது. சனிக்கிழமை, அரை நாள் பள்ளிக்கூடம்.

"அம்மா!" என்று மேகலை குதித்து இறங்கினாள். வாய் நிறையச் சிரிப்பு.

பானுமதி ஓடிப்போய் அவள் முகவாயைத் தூக்கிப் பார்த்தாள். நான்கு வெள்ளை மூடியும் வைத்த இடத்தில் கல்லாக உட்கார்ந்திருந்தன. அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

கக்கத்தில் கோழியோடு பூவரசன் கேட்டான். "அப்ப இது முழுங்குனது யாரு பல்லு?"

மேகலை தாத்தாவைப் பார்த்தாள். காலையில் பொத்தியது போலவே வாயைப் பொத்திக்கொண்டு கிளுகிளுவென்று சிரித்தாள்.

"நான் சொல்லமாட்டேன்."

"ஏன் கண்ணு?"

"தாத்தா வாயில டாக்டரம்மா மாட்டுன மூடியைப் பத்திச் சொன்னா, தெனமும் எனக்கு வாங்கித் தர்ற தேன்மிட்டாய் இனிமே கெடையாதாம்!"