வெல்டிங் கண்ணீர்

பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் பெண் கண் கலங்கினால் வெட்கம் என்பார்கள். பெண்ணைப் பெற்றவள் கண் கலங்கினால் பாசம் என்பார்கள். பெண்ணின் தம்பி தாரை தாரையாக அழுதால் அதற்கு என்ன பெயர் என்று அதுவரை எங்கள் ஊரில் யாரும் யோசித்ததில்லை. யோசிக்க வைத்தவன் நான்.

அறுபதுகளின் தொடக்கம். எங்களுக்குச் சாத்தூர் பக்கம் அச்சங்குளம். அப்பா சிவகாசி அருகே ஒரு பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்கிக்கொண்டிருந்தார். காலையில் வேலைக்குப் போனவரை ஒருநாள் சாயங்காலம் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தார்கள். அவிழ்த்துப் பார்க்க வேண்டாம் என்றார்கள். அம்மாவும் பார்க்கவில்லை. மகன் இனி நெருப்பு இருக்கும் திசைக்கே போகக்கூடாது என்று மட்டும் அன்றே முடிவு செய்துவிட்டாள்.

"இரும்பத் தொடுலே. இரும்பு வெடிக்காது" என்றாள்.

விருதுநகரில் அரசாங்கத் தொழிற்பயிற்சிப் பள்ளிக்கு விண்ணப்பித்தேன். ஃபிட்டர், டர்னர் பிரிவுகளெல்லாம் நல்ல மார்க்கு வாங்கியவர்களுக்குப் போய்விட்டன. எனக்கு மிஞ்சியது வெல்டர். (வெல்டர் என்றால் நெருப்போடு குடித்தனம் நடத்துபவன் என்று அம்மாவிடம் எப்படிச் சொல்வது? இரும்பையும் இரும்பையும் ஒட்டுகிற வேலை என்றேன். "பசை வச்சா?" என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.)

வெல்டிங் பழகும்போது ஒரு கையில் கறுப்புக் கண்ணாடி பதித்த தடுப்பைத் தருவார்கள். அதை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, மறு கையில் இருக்கும் கம்பியை இரும்பில் உரச வேண்டும். உரசினால் நீல வெளிச்சம் பாயும். உரசும் வரை கண்ணாடிக்குள் அமாவாசைதான். எங்கே உரசுகிறோம் என்றே தெரியாது. மற்றவர்களுக்கு வெளிச்சம் வந்தது. என் கம்பி மட்டும் தாய்மடியைக் கண்ட கன்றுக்குட்டி போல இரும்பில் ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. நான் இழுப்பேன். பட்டறையே சிரிக்கும்.

"தடுப்ப எடுத்துட்டு வெறுங்கண்ணால மட்டும் பாத்துராத. இப்ப ஒண்ணும் தெரியாது. சாயங்காலம் தெரியும்" என்பார் வாத்தியார். பயமுறுத்துகிறார் என்று நினைத்தேன்.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் என் அக்கா பேச்சியம்மாளைப் பெண் பார்க்கத் திருத்தங்கலிலிருந்து வருவதாக இருந்தது. மாப்பிள்ளை அச்சாபீசில் மிஷின் ஓட்டுகிறவர். வேலையில் மருந்து கிடையாது, வெடி கிடையாது. அம்மாவுக்கு அது போதும். அப்பா போன பிறகு தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்கி எங்களுக்குச் சோறு போட்டவள் அக்கா. இந்த இடம் தட்டிப்போகக் கூடாது. 'எம்மகனக் காக்கிச் சட்டையோட வரச் சொல்லுங்க, நாலு பேரு பாக்கட்டும்' என்று அம்மா ஆள் மூலம் சொல்லி அனுப்பியிருந்தாள்.

இரண்டு தகடுகளை ஒட்டிக் காட்டிவிட்டால் மத்தியானம் புறப்படலாம் என்றார் வாத்தியார். அவர் அந்தப் பக்கம் திரும்பியதும் நான் தடுப்பைக் கீழே வைத்துவிட்டேன். ஆஹா, எவ்வளவு தெளிவாகத் தெரிந்தது! கம்பி ஒட்டிக்கொள்ளவே இல்லை. திரும்பி வந்து பார்த்த வாத்தியாரே, "பரவாயில்லையே" என்றார். இந்தியாவின் தலைசிறந்த வெல்டர் விருதுநகரில் பஸ் ஏறினான்.

வெயில் தாழ்ந்த நேரத்தில் மாப்பிள்ளையும் அவருடைய அப்பாவும் அத்தையும் வந்து ஜமுக்காளத்தில் உட்கார்ந்தார்கள். எல்லாருக்கும் தட்டில் காராச்சேவும் கலர் சோடாவும் வைத்தோம். என்னை நடுவில் உட்கார வைத்தாள் அம்மா.

"தம்பி கெவருமெண்டுல படிக்காகளோ?" என்றார் மாப்பிள்ளையின் அப்பா.

"ஆமாங்க. இரும்ப ஒட்டுறான்" என்றாள் அம்மா பெருமையாக.

அப்போதுதான் கண்ணில் ஒரு மணல் விழுந்த மாதிரி இருந்தது. கசக்கினேன். ஒரு மணல் ஒரு பிடி மணலாயிற்று. விளக்கை ஏற்றிக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார்கள். மிளகாயை அரைத்து அப்பியது போல இரண்டு கண்ணும் எரிந்து, நீரைக் கொட்டத் தொடங்கின.

"தம்பி எதுக்கு அழுறாக?" என்றாள் மாப்பிள்ளையின் அத்தை.

"காராச்சேவு உறைப்பு" என்றாள் அம்மா. எல்லாரும் என் தட்டைப் பார்த்தார்கள். நான் அதைத் தொட்டிருக்கவில்லை.

மாப்பிள்ளையின் அப்பா குரலைத் தாழ்த்தினார். "தம்பி, மனசுல எது இருந்தாலும் சொல்லிருங்க. அக்காவுக்கு இதுல இஷ்டமில்லையோ?"

நெருப்பைப் பார்த்தேன் என்று அம்மாவை வைத்துக்கொண்டு சொல்ல முடியுமா? "அதெல்லாம் இல்லீங்க. வெளிச்சத்தப் பாத்துட்டேன்" என்றேன்.

"என்ன வெளிச்சம்?"

"நீல வெளிச்சம்."

அத்தை சற்றுப் பின்னால் நகர்ந்தாள். "எங்கன பாத்தீக?"

"விருதுநகர்ல."

அந்த நேரத்தில் அக்கா வெற்றிலைத் தட்டோடு வந்து, என்னைப் பார்த்து அப்படியே நின்றாள். அம்மா என் தலையை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள்.

"அப்பன் செத்தப்ப ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத பிள்ள. அம்புட்டையும் இம்புட்டு நாளா உள்ளயே வச்சிருந்திருக்கானே" என்று குரலெடுத்தாள். அவளும் அதுவரை அழாதவள்தான். மாப்பிள்ளையைப் பார்க்க வாசலில் எட்டிக்கொண்டிருந்த பெண்கள் உள்ளே வந்து அவளைச் சுற்றி உட்கார்ந்தார்கள். ஒருத்தி ஒப்பாரியை எடுத்துக் கொடுத்தாள். சாக்கில் வந்த மனிதருக்கு அன்றைக்குத்தான் எங்கள் வீட்டில் முறையாக அழுதார்கள். மாப்பிள்ளை கலர் பாட்டிலைக் குடிப்பதா வைப்பதா என்று தெரியாமல் கையிலேயே பிடித்திருந்தார்.

பிறகு மூவரும் எழுந்தார்கள். 'போயிட்டு வாறோம்' என்று சொல்லவில்லை. சாவு விழுந்த துஷ்டி வீட்டில் அப்படிச் சொல்லக்கூடாதல்லவா? செருப்பை மாட்டிக்கொண்டு போனார்கள். திரும்ப வரவும் இல்லை.

அக்கா என்னிடம் விஷயத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டாள். திட்டவில்லை. பிள்ளை பெற்றிருந்த பக்கத்து வீட்டுக்காரியிடம் பாலாடையில் தாய்ப்பால் வாங்கி வந்து என் கண்ணில் விட்டாள். "கண்ண மூடிட்டுக் கெட. காலைல நான் வேலைக்குப் போவணும்" என்றாள். அவ்வளவுதான்.

மறுநாள் அவள் அம்மாவிடம் உண்மையைச் சொன்னாள். அம்மா நம்பவில்லை. "வெளிச்சத்தப் பாத்து எவனாச்சும் அழுவானா? அவன் அப்பனுக்குத்தான் அழுதான்" என்று முடித்துவிட்டாள்.

அதன்பின் பல வருஷம் எங்கள் வீட்டுக்கு யாரும் பெண் பார்க்க வரவில்லை. பையனுக்குச் சித்தம் சரியில்லை என்று திருத்தங்கல் வரை பேச்சு போயிருந்தது. அக்கா குச்சி அடுக்கிக்கொண்டே இருந்தாள். கடைசியில் தாயில்பட்டியில், முதல் தாரத்தை இழந்த ஒருவருக்கு வாழ்க்கைப்பட்டாள். நல்ல மனிதர். ஆனால் மருந்து வேலை. அத்தான் வீடு திரும்பும்வரை அக்கா ஒவ்வொரு நாளும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கல்யாணத்துக்கு முன், ஒரு வாரம் பட்டறைப் பக்கம் தலை வைத்துப் படுக்கக்கூடாது என்று அக்காவிடமிருந்து எனக்கு உத்தரவு வந்தது.

எங்கள் வீட்டில் இன்றைக்கும் யார் கண் கலங்கினாலும், 'வெல்டிங்கா?' என்றுதான் கேட்பார்கள். பெண்ணை அனுப்பி வைக்கும்போதும் கேட்பார்கள். பரீட்சையில் தோற்ற பேரனையும் கேட்பார்கள்.

அம்மா இறந்த அன்று நான் கால்மாட்டில் உட்கார்ந்து அழுதேன். நிறுத்த முடியவில்லை. எதிரே தலைவிரி கோலமாக அழுதுகொண்டிருந்த அக்கா நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"ஏலே, இன்னைக்கும் கண்ணாடி போடலையா?"

ஒப்பாரி நின்றது. அக்கா பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்கள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"இன்னைக்கு நான் பட்டறைக்கே போகலக்கா" என்றேன்.

"தெரியும்லே" என்று சொல்லிவிட்டு, விட்ட இடத்திலிருந்து அழத் தொடங்கினாள்.