ஆந்தை அணி தேடிப்போன பானை

எதையும் முன்கூட்டியே ஏற்பாடு செய்து வைக்கிறவர்களைக் கண்டால் எனக்கு உள்ளூர ஒரு நடுக்கம். கல்யாணத்துக்கு மூன்று மாதம் இருக்கும்போதே வாழைமரத்துக்குச் சொல்லி வைப்பவர், வானத்தில் மேகமே இல்லாதபோது குடையோடு நடப்பவர், இவர்களுக்குப் பக்கத்து சீட்டில்கூட உட்கார மாட்டேன். காரணம், நானும் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவன். அந்தக் கூட்டத்தைச் சேர்ந்த இரண்டு பேர் ஒரே நாளில் ஒரே வாசலில் மோதிக்கொண்டால் என்ன ஆகும் என்பதையும் பார்த்திருக்கிறேன்.

மெட்ராஸ் இன்னும் சென்னை ஆகாத காலம். நான் பி.எஸ்ஸி. பௌதிகம் முடித்துவிட்டு (இது முக்கியம், பின்னால் வரும்) வேலை கிடைக்காமல், ஆனால் வேலை கிடைக்காதவன் என்று யாரும் சொல்லிவிடாதபடி, சாரணர் இயக்கத்தில் ஓடிக்கொண்டிருந்தேன். அந்தக் கோடையில் பல மாவட்டங்களிலிருந்து சாரணச் சிறுவர்கள் வந்து அடையாறில் ஒரு மைதானம் நிறையக் கூடாரம் போட்டுத் தங்கினார்கள். ஞாயிற்றுக்கிழமை இவ்வளவு பேரை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று முகாம் தலைவர் தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் எழுந்து நின்றேன்.

“சார், ஊருக்குள்ள பெட்டிங்கள ஒளிச்சு வச்சிடலாம். திசைகாட்டிய வச்சுப் பசங்க தேடிக் கண்டுபிடிக்கட்டும்.”

“யாராவது தொலைஞ்சு போயிட்டா?”

“தொலைய மாட்டாங்க சார். எல்லாத்தையும் நானே அளந்து தரேன்.”

இப்போது இந்த விளையாட்டுக்கு ஜியோகேஷிங் என்று பெயர் வைத்துச் செயற்கைக்கோளின் துணையோடு விளையாடுகிறார்கள். எங்களுக்கு வானத்தில் யாரும் இல்லை. கையில் ஒரு திசைகாட்டி, காலில் ஒரு ஜோடி செருப்பு. விதிகள் என் சொந்தத் தயாரிப்பு. இந்த இடத்திலிருந்து இத்தனை டிகிரியில் இத்தனை தப்படி நடக்க வேண்டும். இடம் வந்ததும் தங்கள் அணிக்குரலைக் கொடுக்க வேண்டும். பெட்டியிலிருந்து ஒரு பொருளை எடுத்துக்கொண்டு, தன்னுடைய பொருள் ஒன்றை அதில் வைக்க வேண்டும். சாரணர்களில் ஒவ்வொரு அணிக்கும் ஒரு மிருகமோ பறவையோ உண்டு, அதன் குரலை அவர்கள் பழகியிருப்பார்கள். ஆந்தை அணிக்கும் நரி அணிக்கும் அந்தக் குரலில் விசேஷப் பயிற்சி கொடுத்தவன் நான்தான்.

தி.நகரையும் அடையாறையும் என் நண்பன் முரளி அளந்தான். மயிலாப்பூர் மட்டும் என் பொறுப்பு. பெட்டி முரளி வீட்டு கேட்டுக்கு உள்ளே, குரோட்டன்ஸ் செடிக்குப் பின்னால், ஒரு மண்பானைக்குள் இருக்கும். முரளி மாடியில் உட்கார்ந்து, அணிக்குரல் கேட்டதும் இறங்கி வந்து முத்திரை குத்துவான். தெப்பக்குளத்து முனையில் நின்று நான் கோணம் எடுத்தேன். எழுதுவதற்கு இரண்டு கையும் வேண்டியிருந்ததால், திசைகாட்டியை சைக்கிள் கேரியர்மேல் வைத்தேன்.

சைக்கிள் இரும்பு. திசைகாட்டி காந்தம். நான் பௌதிகப் பட்டதாரி.

ஞாயிற்றுக்கிழமை காலை முரளியின் வீட்டுக்குப் போனபோது அவன் மாடியில் வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தான். ஒரு ஆந்தைகூட வரவில்லை என்றான். சைக்கிளை மிதித்துக்கொண்டு ஒவ்வொரு சந்தாகப் பார்த்தேன். இரண்டு தெரு தள்ளி, இஸ்திரி வண்டிக்காரர் ஒருவர் கரியை ஊதிக்கொண்டே என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“கயுத்துல துணி கட்டிக்கினு போச்சுங்களே, உன் பசங்களா?”

“ஆமாங்க. எந்தப் பக்கம்?”

“இன்னாபா பசங்க, பட்டப்பகல்ல ஆந்த மாதிரி கத்திக்கினு. அதோ, அந்த ஐயரு வூட்டாண்டதான் நிக்குதுங்க. இஸ்துக்கினு போயிடு நைனா. பெரியவரு இன்னிக்கோ நாளைக்கோன்னு கீறாரு.”

பச்சை கேட். உள்ளே குரோட்டன்ஸ். (மயிலாப்பூரில் அப்போது கேட் என்றால் பச்சை, செடி என்றால் குரோட்டன்ஸ். இதையும் நான் யோசித்திருக்க வேண்டும்.) வாசலில் ஆந்தை அணி ஒழுங்காக வரிசையில் நின்றுகொண்டிருந்தது. அறுபது வயதுக்காரர் ஒருவர் பனியனோடு வெளியே வந்து என் சட்டையைப் பிடித்தார்.

“இந்தக் கூட்டத்துக்கு நீதான் தலைவனாடா?”

“ஆமா சார்.”

“உள்ள என் அண்ணா நினைவில்லாம கிடக்கான். டாக்டர் கையை விரிச்சாச்சு. டெல்லிலேர்ந்து அவன் பிள்ளை ரயில்ல வந்துண்டிருக்கான். வாசல்ல ஆந்தை கத்தறது.”

“சார், அது அணிக்குரல்.”

“எந்தக் குரலா இருந்தா என்ன? காதுல ஆந்தையாத்தானே விழறது?” அவர் குரலைத் தாழ்த்தினார். “எங்க மன்னி ஒருத்திதான் அவன் எழுந்துடுவான்னு நம்பிண்டிருக்கா. அவனுக்குப் பிடிக்கும்னு நேத்திக்கு சுண்டைக்காய் காய வெச்சா. அந்த நம்பிக்கையிலதான் ஒரு வாய் சாப்பிடறா. நாங்க யாரும் அவ எதிர்க்க வாயைத் திறக்கறதில்லை. பிள்ளை வர வரைக்கும் அது அப்படியே இருக்கட்டும். புரியறதா?”

புரிந்தது. தலையை ஆட்டினேன். அந்த நேரம் பார்த்துச் சந்து முனையிலிருந்து நரி அணி வந்து சேர்ந்தது. வந்ததும், விதிப்படி, ஊளையிட்டது. ஆறு பையன்களும் ஒரே சுருதியில், கடைசியில் ஒரு இழுப்போடு. அந்த இழுப்பைச் சொல்லிக்கொடுக்க நான் ஒரு மாலை முழுக்கத் தொண்டை கட்ட உழைத்திருந்தேன்.

உள்ளே யாரோ விசும்பினார்கள். நான் ஓடிப்போய் வாயில் விரலை வைத்துக் காட்டுவதற்குள் ஊளை முடிந்து, அவர்கள் செடிக்குப் பின்னால் புகுந்துவிட்டார்கள். அதே நேரத்தில் அவர் சொன்ன அந்த மாமியும் வாசலுக்கு வந்துவிட்டார். மெலிந்த உருவம். ராத்திரியெல்லாம் தூங்காத கண்.

“என்ன ரகு சத்தம்?”

ரகு பதில் சொல்வதற்குள் செடிக்குப் பின்னாலிருந்து திருநெல்வேலிப் பையன் ஒருவன் நிமிர்ந்தான். நரி அணித் தலைவன். கையில் ஒரு மண்பானை.

“அண்ணே, பெட்டியக் காணும். பானதான் கெடக்கு. புதுப் பான. ரெண்டு பச்ச மூங்கிலும் கெடக்கு, அதுவும் நம்மளுதா?”

ரகுவைப் பார்த்தேன். முகத்தில் ரத்தம் இல்லை. அந்தப் பானை எதற்கு, அந்த மூங்கில் எதற்கு என்று எனக்கு அந்த நொடியில் விளங்கியது. மனிதர் உயிரோடு மூச்சு விட்டுக்கொண்டிருக்க, அவருடைய கடைசிப் பயணத்துக்கு வேண்டியதைத் தம்பி வாங்கிச் செடிக்குப் பின்னால் ஒளித்து வைத்திருக்கிறார். நான் பெட்டி ஒளித்த மாதிரியே. நான் தேர்ந்தெடுத்த மாதிரியே ஒரு செடிக்குப் பின்னால்.

மாமி பானையையே பார்த்துக்கொண்டிருந்தார். சந்தில் சைக்கிள் மணிகூட அடிக்கவில்லை. உள்ளே அந்த மூச்சு மட்டும் மரம் அறுப்பதுபோல இழுத்துக்கொண்டிருந்தது.

“எங்களோடதுதான் மாமி,” என்றேன். “பானை விளையாட்டுக்கு. மூங்கில் கூடாரத்துக்கு. தெரியாம உங்காத்துல வச்சிட்டோம்.” (அவர்கள் பாஷையிலேயே சொன்னால் பொய் கொஞ்சம் உறுதியாக இருக்கும் என்று நினைத்தேன்.)

அவர் பானைக்குள் கையை விட்டார். ஒரு விசிலும் பெப்பர்மின்ட்டும் வந்தன. ஆந்தை அணி, முன்னால் வந்தவர்கள் பெட்டியைக் காலி செய்துவிட்டார்கள் என்று எண்ணி, நேர்மையாகத் தங்கள் பொருளைப் போட்டு வைத்திருந்தது. என் வாழ்க்கையில் என் விதி ஒன்று எனக்கு உதவிய ஒரே சந்தர்ப்பம் அது.

மாமி விசிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு பையன்களைப் பார்த்தார்.

“வேர்த்துக் கொட்டிண்டு நிக்கறதுகளே. ரகு, இந்தப் பானையை அலம்பித் தண்ணி ரொப்பு. உள்ள வெட்டிவேர் இருக்கு, ஒரு பிடி போடு.”

“மன்னி, சொம்புல கொடுத்தா போறாதா?”

“புதுப் பானை இருக்கறச்சே சொம்பு எதுக்கு?”

ரகு கைபம்பில் தண்ணீர் அடித்தார். பாதி வெளியே போயிற்று. ஆந்தைகள் குடித்தன. நரிகள் குடித்தன. என் கணக்குப்படியே அணிகள் வந்துகொண்டிருந்தன. ஒவ்வொன்றையும் சந்து முனையிலேயே மடக்கி வாயைப் பொத்தி அழைத்து வந்தேன். புலி அணி மட்டும் என்னை ஏமாற்றிவிட்டு வேறு வழியாக வந்து உறுமியது. உறுமல் ஓய்ந்ததும் உள்ளே மூச்சுச் சத்தம் நின்றுவிட்டது. ரகு பம்புப் பிடியை விடாமல் அப்படியே நின்றார். மாமி கையிலிருந்த டம்ளர் நின்றது. நான் சுவரைப் பிடித்துக்கொண்டேன். பெரியவர் நீளமாக இருமினார். மரம் அறுக்கும் சத்தம் மறுபடி தொடங்கியது.

“நீயும் குடி,” என்று மாமி டம்ளரை நீட்டினார். “உன் பானைதானே?”

ரகு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். குடித்தேன். புது மண்ணும் வெட்டிவேரும் கலந்த அப்படி ஒரு தண்ணீரை நான் அதற்குப் பிறகு குடித்ததில்லை.

வெளியே வந்ததும் ரகு என்னைச் சுவரோரம் இழுத்தார். “அன்னிக்குன்னு அலைய வேண்டாமேன்னு வாங்கி வெச்சேன். ஞாயித்துக்கிழமை கடை இருக்காது. பிள்ளைக்கு இதெல்லாம் எங்க கிடைக்கும்னே தெரியாது. நான் பண்ணது தப்பாடா?” நான் பேச வேண்டியதை அவர் பேசுவது போல இருந்தது.

“மூங்கிலை இப்பவே எடுத்துண்டு போங்கோ. வழியை அடைச்சிண்டிருக்கு,” என்று உள்ளிருந்து மாமியின் குரல் வந்தது. “பானையை நாளைக்கு வந்து எடுத்துக்கோ.”

நரி அணி பச்சை மூங்கில்களைத் தோளில் வைத்துக்கொண்டு மந்தைவெளி வழியாக அடையாறுக்கு நடந்தது. எதிரே வந்தவர்கள் ஒதுங்கி நின்றார்கள். ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார். முகாமில் விஷயம் தெரியாத தலைவர் என் தோளைத் தட்டிவிட்டு அவற்றில் நீளமானதைக் கொடிக்கம்பமாக நட்டார். மறுநாள் காலை சிறப்பு விருந்தினர் அதற்கு சல்யூட் அடித்தார். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

மதியம் ஒரு துணிப்பையோடு மயிலாப்பூர் போனேன். சந்துக்குள் நுழையும்போதே வாசலில் புகை தெரிந்தது. டெல்லிப் பிள்ளை காலை ரயிலில் வந்துவிட்டாராம். அவர் கையால் பால் விட்டு, அரை மணியில் முடிந்துவிட்டதாம். திரும்பிவிடலாம் என்று பார்த்தேன். அதற்குள் ரகு என்னைப் பார்த்துவிட்டார்.

கூடத்து மூலையில் பானை இருந்தது. பாதித் தண்ணீரோடு, மேலே ஒரு தட்டு மூடி. ரகு தயங்கித் தயங்கி அதன் பக்கம் போனார். பெரியவரின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த மாமி நிமிராமல் சொன்னார்.

“அது வேண்டாம் ரகு. அதுல குழந்தைகள் தண்ணி குடிச்சிருக்கு.”

ரகு நின்ற இடத்திலேயே நின்றார்.

“உனக்கு ரெண்டாந்தரம் அலைச்சல் வெச்சுட்டேன். என்ன பண்றது, எனக்கு இன்னும் ஒரு நாள் வேண்டியிருந்தது.” பிறகு என் பக்கம் திரும்பினார். “மூங்கிலும் வேற வாங்கணும். இல்லையா?”

நேற்று அந்தப் பானையைப் பார்த்த நொடியிலேயே அவருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. என் பொய்யை அவர் நம்பவில்லை. வாங்கி வைத்துக்கொண்டார், அவ்வளவுதான். ரகு தூணைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார்.

“நான் போய் வாங்கிட்டு வரேன் மாமி,” என்றேன். சாவு வீட்டில் ‘வரேன்’ என்று சொல்லக் கூடாது என்பதுகூட அப்போது எனக்கு நினைவில்லை.

சித்திரக்குளம் பக்கத்தில் பானைக் கடை. கடைக்கார அம்மா ஒரு பானையை எடுத்துச் சுண்டிப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

“தண்ணிக்கா, காரியத்துக்கா?”

எல்லோரிடமும் கேட்கிற கேள்விதான். நின்றுகொண்டே இருந்தேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பேசாமல் அந்தப் பானையை வைத்துவிட்டு வேறொன்றை எடுத்துக் கொடுத்தார். சைக்கிளில் ஏறாமல், ஒரு கையில் பானையை அணைத்துக்கொண்டு தள்ளிக்கொண்டே போனேன். பின்னாலேயே மூங்கிலுக்கும் ஒரு நடை போய்வந்தேன்.

அன்று வீட்டுக்கு வந்ததும் அம்மா என்னைக் கொல்லைப்பக்கம் நிறுத்தித் தலையில் தண்ணீர் ஊற்றினாள். ஊற்றும்போதே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கடைக்கார அம்மாவின் கேள்வியை நான் சொல்லியிருக்கக் கூடாது. அதன் பிறகு எங்கள் வீட்டில் நான் எதற்கு ஏற்பாடு செய்யக் கிளம்பினாலும் அதுதான் கேள்வி. வேலைக்கு மனுப் போட்டபோது, பெண் பார்க்கப் போனபோது, ஸ்கூட்டருக்கு முன்பதிவு செய்தபோது, “தண்ணிக்கா, காரியத்துக்கா?” என் மனைவி வந்த ஒரே மாதத்தில் அதைக் கற்றுக்கொண்டாள். என் பிள்ளைகளுக்கு அது எங்கிருந்து வந்தது என்றுகூடத் தெரியாது, ஆனாலும் கேட்கிறார்கள்.

போன வருஷம் அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தாள். டாக்டர் என்னை அறைக்கு வெளியே கூப்பிட்டுப் பேசினார். பேசி முடித்ததும் உள்ளே வந்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு, துணிப்பையை எடுத்தேன். கண்ணை மூடிக்கொண்டிருந்தவள் திறந்தாள்.

“எங்கடா கிளம்பிட்ட? தண்ணிக்கா, காரியத்துக்கா?”

“மருந்துக்கும்மா.”

பையை வாங்கி, உள்ளே மருந்துச் சீட்டு இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் என்னை விட்டாள்.